நெஞ்சு பாரமா இருக்கு, இது கேஸா ஹார்ட்டா? ஒரு வாசகிக்கு டாக்டரின் பதில்

வணக்கம் சகோதரி,

உங்க லெட்டர் வந்த அன்னிக்கே தனியா ரெண்டு வரி பதில் அனுப்பிட்டேன், "இதை படிச்ச கையோட கிளம்பி ஹார்ட் டாக்டர் இருக்கற ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு போங்க, நாளைக்கு பாத்துக்கலாம்னு தள்ளாதீங்க"ன்னு. போயிருப்பீங்கன்னு நம்பறேன். ஏன் அவ்வளவு அவசரப்படுத்தினேன்னு அந்த ரெண்டு வரில சொல்ல முடியல. அதான் இப்ப உக்காந்து விரிவா எழுதறேன். உங்கள மாதிரியே நெஞ்ச தடவி விட்டுகிட்டு "கேஸ்தான், வேற ஒண்ணும் இல்ல"ன்னு தனக்குத்தானே சொல்லிகிட்டு நடமாடறவங்க நிறைய பேர் இருக்காங்க, அவங்களுக்கும் சேர்த்துதான்.

மத்தவங்களுக்கு புரியறதுக்காக நீங்க எழுதினத சுருக்கமா சொல்லிடறேன். வயசு 48. பத்து வருஷமா சுகருக்கு மாத்திரை சாப்பிடறீங்க. மூணு மாசமா நெஞ்சுல "ஒரு மாதிரி" இருக்கு, சில நாள் எரிச்சல், சில நாள் பாரம், ஏப்பம் விட்டா கொஞ்சம் லேசாகுது. இடது பக்கம் விலா எலும்புல ஒரு இடத்துல விரல் வச்சு அழுத்தினா வலிக்குது. ஈசிஜி எடுத்து நார்மல்னு சொல்லி கேஸ் மாத்திரை குடுத்திருக்காங்க. வீட்ல டென்ஷன்னு சொல்றாங்க. அப்பா 54 வயசுல தூக்கத்துலயே இறந்துட்டார். கடைசில நாலு கேள்வி: இது கேஸா ஹார்ட்டா, ஈசிஜி நார்மல்னா பயப்படாம இருக்கலாமா, வேற என்ன டெஸ்ட் எடுக்கணும், ராத்திரி தனியா இருக்கும்போது வந்தா என்ன பண்றது.

இதுக்கு நடுவுல போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்க பாருங்க. "ஆபிஸ்ல ரெண்டாவது மாடி திருப்பத்துல நின்னுட்டுத்தான் மேல போறேன், நின்னா ரெண்டு நிமிஷத்துல சரியாயிடுது, போன வாரம் முதல் மாடியிலயே வந்துடுச்சு, வயசாகுது இல்லையா டாக்டர்". லெட்டர்ல ரெண்டு பக்கத்துக்கு எரிச்சல் ஏப்பம்னு எழுதிட்டு இதை வயசு கணக்குல தள்ளிட்டீங்க. எனக்கு அந்த ரெண்டு பக்கமும் பெருசா கவலை தரல, தூக்கிவாரிப் போட்டது இந்த ஒரு வரிதான்.

நெஞ்சு வலின்னு வர்றவங்ககிட்ட எல்லாரும் முதல்ல கேக்கறது "எங்க வலிக்குது"ன்னு. அது வேணும்தான், ஆனா அதைவிட முக்கியமான கேள்வி எப்ப வருது, எதனால போகுது, போன மாசத்துக்கும் இந்த மாசத்துக்கும் என்ன வித்தியாசம், இந்த மூணும். நடந்தா வருது, நின்னா போகுது. வேகமா நடந்தா சீக்கிரம் வருது, மெதுவா நடந்தா லேட்டா வருது. சாப்பிட்ட உடனே நடந்தா இன்னும் சீக்கிரம் வருது. இப்படி ஒரு வலி கணக்கு வச்ச மாதிரி உழைப்போட சேர்ந்து வந்து ஓய்வோட சேர்ந்து போச்சுன்னா அது இதய ரத்தக்குழாய் அடைப்போட கையெழுத்து, வேற காரணத்தால அவ்வளவு ஒழுங்கா அப்படி வர்றது அபூர்வம். இது புதுசா கண்டுபிடிச்சதும் இல்ல. லண்டன்ல வில்லியம் ஹெபர்டன்னு ஒரு டாக்டர் 1768லயே இதை விவரிச்சு ஆஞ்சைனா பெக்டோரிஸ்னு பேரும் வச்சார். நடக்கும்போது, அதுவும் மேடு ஏறும்போது, சாப்பிட்ட கையோட நடக்கும்போது நெஞ்ச பிடிக்குது, நின்ன அடுத்த நிமிஷம் ஒண்ணுமே இல்லாத மாதிரி ஆயிடுதுன்னு எழுதினார். அப்ப ஈசிஜியும் இல்ல, ஸ்டெதாஸ்கோப்பும் இல்ல. நோயாளி சொன்னத காது குடுத்து கேட்டே இவ்வளவும் பிடிச்சிருக்கார்.

இது ஏன் அப்படி வருதுன்னா, இதயமும் ஒரு தசை, அதுக்குன்னு தனியா ரத்தக்குழாய் இருக்கு. நாம உக்காந்திருக்கும்போது அதுக்கு தேவை கம்மி, அதனால குழாய் பாதிக்கு மேல சுருங்கியிருந்தாலும் எப்படியோ சமாளிச்சுடும். மாடி ஏறும்போது துடிப்பு கூடுது, பிரஷர் கூடுது, இதயத்துக்கு பல மடங்கு ரத்தம் வேணும், குழாய் சுருங்கியிருந்தா அவ்வளவு குடுக்க முடியாது. பத்தாக்குறை வந்ததும் அந்த தசை கத்துது, அந்த கத்தல்தான் உங்களுக்கு பாரமா, இறுக்கமா, அடைப்பா தெரியுது. நின்னதும் தேவை குறைஞ்சு பழைய நிலைமைக்கு வந்துடுது. குறுகலான குழாய் அங்கயேதான் இருக்கும், எங்கயும் போகல.

இப்ப ஈசிஜி. இதை கொஞ்சம் நிதானமா சொல்லணும், ஏன்னா "ஈசிஜி நார்மல்"ங்கற ஒரு பேப்பர நம்பி வீட்டுக்கு போனவங்கள நான் பாத்திருக்கேன். சாதாரணமா எடுக்கற ஈசிஜிங்கறது நீங்க அசையாம படுத்திருக்கற 10 செகண்ட்ல இதயத்தோட மின் ஓட்டம் எப்படி இருந்துச்சுன்னு ஒரு பதிவு, அவ்வளவுதான். படுத்திருக்கும்போது உங்க இதயத்துக்கு பத்தாக்குறையே இல்லையே, அப்புறம் அதுல என்ன தெரியும்? வலி இல்லாத நேரத்துல எடுத்த ஈசிஜி, அடைப்பு இருக்கறவங்களுக்கும் சுத்தமா நார்மலா வரலாம். அட்டாக்கே நடந்துகிட்டு இருக்கும்போது எடுத்த முதல் ஈசிஜி கூட சில பேருக்கு நார்மலா இருக்கும், அதனாலதான் சந்தேகம் இருந்தா திரும்பத் திரும்ப எடுக்கறோம். நான் டியூட்டி டாக்டரா இருந்தப்ப ஒரு ராத்திரி ஒருத்தர் தானே நடந்து வந்தார், கேஸ் ஊசி போட்டு விடுங்க டாக்டர் காலைல வேலைக்கு போகணும்னார். ஈசிஜில ஒண்ணும் இல்ல. ஆனா ஏசி ரூம்ல அவர் சட்டை முதுகுல ஒட்டற அளவு வேர்த்திருந்துச்சு, அது என் மனச உறுத்திகிட்டே இருந்துச்சு. அனுப்பாம படுக்க வச்சு முக்கால் மணி நேரம் கழிச்சு ரெண்டாவது ஈசிஜி எடுத்தேன், அதுல அட்டாக் அப்பட்டமா தெரிஞ்சுது. முதல் பேப்பர பாத்து அனுப்பியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு இன்னிக்கு நினைச்சாலும் வயித்த கலக்குது.

அதனால உங்க ரெண்டாவது கேள்விக்கு என் பதில், ஈசிஜி நார்மல்னா அந்த 10 செகண்ட் நார்மல். அதுக்கு மேல அர்த்தம் எடுத்துக்காதீங்க.

"ஆனா ஏப்பம் விட்டா லேசாகுதே, அழுத்தினா வலிக்குதே, அப்ப கேஸும் தசை வலியும்தானே"ன்னு கேக்கலாம். உங்க லெட்டர்ல நான் முக்கியமா திருத்த நினைக்கறது இதைத்தான். ஒரு நெஞ்சுல ஒரே ஒரு வலிதான் இருக்கணும்னு எந்த சட்டமும் இல்ல. உங்களுக்கு நெஞ்செரிச்சல் நிஜமாவே இருக்கலாம். விலா எலும்பு ஒட்டற இடத்துல வீக்கமும் நிஜமாவே இருக்கலாம். இது ரெண்டும் இருக்கறதால மாடிப்படில வர்ற மூணாவது ஒண்ணு இல்லைன்னு ஆயிடாது. சாதாரண காரணம் ஒண்ணு கிடைச்சதும் நமக்கு மனசு லேசாயிடும், அதோட தேடறத நிறுத்திடுவோம், சில சமயம் டாக்டர்களும் அப்படித்தான் நிறுத்திடறாங்க. கேஸ் மாத்திரை போட்டதும் குறைஞ்சுதுங்கறதும் ஆதாரம் இல்ல, ஏன்னா ஆஞ்சைனா தானாவே சில நிமிஷத்துல போயிடும், நீங்க மாத்திரை போட்டு தண்ணி குடிச்சு உக்காந்த அந்த நேரத்துல உக்காந்ததாலதான் போயிருக்கும், பேர் மாத்திரைக்கு போயிடும். இதோட மறுபக்கமும் உண்டு, நாக்குக்கு அடில வைக்கற ஹார்ட் மாத்திரைய வச்சு வலி போச்சுன்னா அது ஹார்ட்டுதான்னும் முடிவு பண்ண முடியாது, உணவுக்குழாய் இழுத்துப் பிடிச்சு வர்ற வலியும் அந்த மாத்திரைக்கு அடங்கும்.

இது ஏன் இவ்வளவு குழம்புதுன்னா இதயம், உணவுக்குழாய், கையோட உள்பக்கம் இதுங்க எல்லாத்துலேர்ந்தும் வர்ற நரம்புங்க தண்டுவடத்துல கிட்டத்தட்ட பக்கத்து பக்கத்து படில போய் சேருது. மூளைக்கு செய்தி வருது, எந்த வீட்லேர்ந்து வந்துச்சுன்னு சரியா தெரியல. அதனாலதான் இதய வலி தாடைல தெரியும், பல் வலின்னு நினைப்பாங்க. தோள்பட்டைல, ரெண்டு கைல, முதுகுல ரெண்டு பட்டைக்கும் நடுவுல, மேல் வயித்துல தெரியும். இதயத்தோட அடிப்பக்க சுவர் பாதிச்சா வாந்தியும் மேல் வயித்து வலியுமா வந்து அசல் அஜீரணம் மாதிரியே இருக்கும். வலின்னே சொல்ல மாட்டாங்க பல பேர், "வலி இல்ல டாக்டர், ஏதோ கல்ல வச்ச மாதிரி"ம்பாங்க, சொல்லும்போதே கைய மூடி முஷ்டிய நடு நெஞ்சுல வைப்பாங்க. ஒரு விரலால இந்த இடம்னு தொட்டு காட்டற வலிய விட, உள்ளங்கையாலயோ முஷ்டியாலயோ காட்டற வலிதான் என்னை எழுந்து உக்கார வைக்கும்.

உங்களுக்கு சுகர் வேற இருக்கு. பல வருஷ சுகர் நரம்புகள மந்தமாக்கிடும், இதயத்துக்கு போற நரம்பையும் சேர்த்துதான். அதனால சுகர் உள்ளவங்களுக்கு அட்டாக் வந்தாலும் வலி லேசாவோ இல்லாமலேயோ போகலாம், வெறும் மூச்சு வாங்கல், திடீர் அசதி, வேர்வை, குமட்டல் இவ்வளவுதான் தெரியும். பெண்களுக்கும் வயசானவங்களுக்கும் இந்த மாதிரி வர்றது கொஞ்சம் கூடுதல். பெண்களுக்கும் நெஞ்சு பாரம்தான் முதல் அறிகுறியா வர்றது அதிகம், ஆனா அதோட அசதி, முதுகு வலி, குமட்டல்னு நாலஞ்சு சேர்ந்து வர்றதால டென்ஷன், மெனோபாஸ், தூக்கம் இல்லைன்னு வேற வேற பேர் வச்சுடறாங்க. வீட்ல இருக்கறவங்களுக்கு ஒரு வேண்டுகோள், ஒரு பொம்பளை மாடி ஏற முடியலன்னு சொன்னா "உனக்கு எப்பவுமே ஏதாவது ஒண்ணு"ன்னு தயவு செஞ்சு சொல்லாதீங்க. அவங்க அதுக்கப்புறம் சொல்லவே மாட்டாங்க.

அப்பா 54ல போயிட்டார்னு எழுதியிருந்தீங்க. அப்பா, அண்ணன் தம்பி 55க்கு முன்னாடி, அம்மா, அக்கா தங்கச்சி 65க்கு முன்னாடி இதய நோய்னு இருந்தா அத குடும்ப வரலாறுன்னு நாங்க கணக்குல எடுத்துக்கறோம். தூக்கத்துல இறந்தவருக்கு காரணம் இதயம்தான்னு உறுதியா சொல்ல முடியாது, ஆனா டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லுங்க. சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால், புகை, குடும்பத்துல இருக்கறது, இதுல ஒவ்வொண்ணும் கூடும்போது அதே மாதிரி வலிக்கு நாங்க குடுக்கற முக்கியத்துவமும் கூடும்.

அவசரம்னு ஏன் சொன்னேன்னு இப்ப வரேன். ஒரு வருஷமா மூணு மாடி ஏறினாத்தான் வரும், நின்னா போயிடும், அதுல மாற்றமே இல்லன்னா அது நிலையான ஆஞ்சைனா, சில நாளுக்குள்ள டாக்டர பாத்து டெஸ்ட் எடுத்து மருந்து ஆரம்பிக்கலாம். உங்களுக்கு அப்படி இல்ல. மூணு மாசத்துல ஆரம்பிச்சது, ரெண்டு மாடில வந்தது இப்ப ஒரு மாடில வருது. கம்மி உழைப்புக்கே வருது, அடிக்கடி வருது, அதிக நேரம் இருக்கு, ஓய்வா உக்காந்திருக்கும்போதே வருது, இதுல எது மாறினாலும் குழாய்ல இருக்கற கொழுப்பு படிவு நிலை குலைஞ்சிருக்கலாம்னு அர்த்தம். அந்த படிவோட மேல் தோல் பிஞ்சா ரத்தம் அங்க உறைஞ்சு குழாய முழுசா அடைக்கும், அதுதான் ஹார்ட் அட்டாக். அதுக்கு முன்னாடி உடம்பு குடுக்கற எச்சரிக்கை இது. எச்சரிக்கையே குடுக்காம நேரா அட்டாக்கே வர்றவங்க நிறைய பேர், உங்களுக்கு அது வந்திருக்கு, அத பயன்படுத்திக்கலாம்.

டெஸ்ட் பத்தி கேட்டீங்க. டிரெட்மில் எடுத்துக்கலாமான்னு கூட எழுதியிருந்தீங்க. நீங்களா போய் ஒரு லேப்ல டிரெட்மில் எடுக்காதீங்க, வலி கூடிகிட்டே போற நேரத்துல ஓட விட்டு பாக்கறது ஆபத்து. எமர்ஜென்சில முதல்ல ஈசிஜி, வந்த 10 நிமிஷத்துக்குள்ள எடுக்கணும்ங்கறது பொதுவான விதி. அப்புறம் ட்ரோபோனின்னு ஒரு ரத்த டெஸ்ட், இதய தசை செத்தா ரத்தத்துல கசியற புரதம் அது. வலி ஆரம்பிச்ச உடனே எடுத்தா ஏறியிருக்காது, அதனால சில மணி நேரம் விட்டு ரெண்டாவது தடவை எடுப்பாங்க, "ஏன் திரும்ப ரத்தம் எடுக்கறீங்க, பணம் பிடுங்கறீங்களா"ன்னு சண்டை போடாதீங்க, அந்த ரெண்டாவதுதான் பல சமயம் உண்மைய சொல்லும். எக்கோங்கற ஹார்ட் ஸ்கேன்ல இதயம் சுருங்கி விரியறது எப்படின்னு தெரியும், ஆனா ஈசிஜி மாதிரியே ஓய்வுல எடுத்த எக்கோவும் அடைப்பு இருந்தும் நார்மலா வரலாம். அதுக்கப்புறம் சிடி ஆஞ்சியோவா, நேரடி ஆஞ்சியோவான்னு உங்கள பாக்கற ஹார்ட் டாக்டர் முடிவு பண்ணுவார். ஆஞ்சியோன்னதும் ஆபரேஷன்னு பயந்துடாதீங்க, கைல இல்ல தொடைல இருக்கற ரத்தக்குழாய் வழியா மெல்லிசான டியூப் விட்டு, எக்ஸ்ரேல தெரியற சாய மருந்து செலுத்தி படம் எடுக்கறது, முழிச்சுகிட்டே இருப்பீங்க.

சரி, எல்லா நெஞ்சு வலியும் ஹார்ட்டான்னா கிடையாது, நெஞ்சு வலின்னு வர்றவங்கள்ல நிறைய பேருக்கு வேற காரணம்தான். எதுக்களிக்கற நெஞ்செரிச்சல் சாப்பிட்ட பிறகு, குனிஞ்சா, படுத்தா கூடும், தொண்டை வரைக்கும் புளிப்பா வரும், மாடி ஏறறதுக்கும் அதுக்கும் அவ்வளவு சம்பந்தம் இருக்காது. விலா எலும்பு மூட்டு வலி தொட்டா, திரும்பினா, தும்மினா குத்தும், நாள் கணக்கா ஒரே இடத்துல இருக்கும். சின்ன வயசு பசங்களுக்கு மூச்ச இழுக்கும்போது ஊசி குத்தின மாதிரி சில செகண்ட் சுருக்குன்னு வந்து போகும், அது ஒண்ணும் செய்யாது. அக்கி வர்றதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி ஒரு பக்கமா பட்டை பட்டையா எரியும், கொப்புளம் வந்த பிறகுதான் ஓ இதுவான்னு தெரியும். பித்தப்பை கல் வலது மேல் வயித்துல ஆரம்பிச்சு நெஞ்சுக்கு ஏறும். பேனிக் அட்டாக்கும் நிஜமான அவஸ்தைதான், படபடப்பு, மூச்சு முட்டல், விரல் நுனி மரமரப்பு, செத்துடுவோமோன்னு ஒரு பயம், சுமார் 10 நிமிஷத்துல உச்சத்துக்கு போய் இறங்கும். ஆனா பேனிக்குன்னு முத்திரை குத்தறது ஹார்ட்ட பாத்து முடிச்ச பிறகு கடைசில பண்ண வேண்டிய வேலை, அதுவும் முதல் தடவையா 40 வயசுக்கு மேல வந்தா.

ஹார்ட் அட்டாக் இல்லாமலேயே உயிருக்கு ஆபத்தான நெஞ்சு வலி இன்னும் சிலது இருக்கு, அதையும் தெரிஞ்சு வச்சுக்கணும். முதுகு வரைக்கும் கிழிக்கற மாதிரி வலி ஒரே நொடில உச்சத்துல ஆரம்பிச்சா, அதுவும் பிரஷர் உள்ளவங்களுக்கு, இதயத்துலேர்ந்து கிளம்பற பெரிய ரத்தக்குழாயான மகாதமனியோட சுவர் கிழிஞ்சிருக்கலாம். ஆபரேஷன் முடிஞ்சு, பிரசவம் முடிஞ்சு, ரொம்ப நேரம் உக்காந்து பயணம் பண்ணி, ஒரு கால் மட்டும் வீங்கி, அதோட திடீர்னு மூச்சு திணறலும் மூச்சிழுத்தா குத்தலும் வந்தா கால்ல உறைஞ்ச ரத்தக்கட்டி நுரையீரலுக்கு போயிருக்கலாம். ஒல்லியா உயரமா இருக்கற இளைஞருக்கு ஒரு பக்கம் திடீர்னு குத்தி மூச்சு வாங்கினா நுரையீரல்ல ஓட்டை விழுந்து காத்து வெளிய தேங்கியிருக்கலாம். இதுல எதையும் வீட்ல உக்காந்து கண்டுபிடிக்க வேண்டாம், எல்லாத்துக்கும் ஒரே பதில் எமர்ஜென்சி. காய்ச்சல், இருமலோட மூச்சிழுத்தா குத்தற வலி, படுத்தா கூடி முன்னாடி சாஞ்சு உக்காந்தா குறையற வலி, இதெல்லாம் நிமோனியா, இதய உறை அழற்சின்னு இருக்கலாம், அன்னிக்கே டாக்டர பாத்துடணும்.

கடைசி கேள்விக்கு வரேன், ராத்திரி தனியா இருக்கும்போது வந்தா.

பாரமோ இறுக்கமோ வந்து ஓய்வா உக்காந்தும் 10 நிமிஷத்துல போகலன்னா, இல்ல அதோட வேர்வை, மூச்சு வாங்கல், மயக்கம், வாந்தி, கைக்கோ தாடைக்கோ பரவறதுன்னு ஏதாவது ஒண்ணு சேர்ந்தா நிமிஷ கணக்கே பாக்காம, ஆம்புலன்ஸ கூப்பிடுங்க. மகளுக்கு போன் பண்ணி "வரட்டுமா"ன்னு பேசிகிட்டு இருக்கறது ரெண்டாவது. குழாய் முழுசா அடைச்சா இதய தசை அரை மணி நேரத்துக்குள்ளயே நிரந்தரமா சாக ஆரம்பிச்சுடும், அடுத்தடுத்த மணி நேரங்கள்ல அது பரவிகிட்டே போகும், அடைப்ப திறக்கற சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் கிடைக்குதோ அவ்வளவு தசை மிஞ்சும். விடியட்டும்னு காத்திருக்கற நாலு மணி நேரம் அப்படியே இதயத்துலேர்ந்து கழியுது. தானே வண்டி ஓட்டிகிட்டு போகாதீங்க, வழில துடிப்பு தாறுமாறா போய் மயங்கினா உங்களோட இன்னொருத்தரும் சேர்ந்து அடிபடுவாங்க, ஆம்புலன்ஸ்ல அந்த துடிப்ப சரி பண்ற ஷாக் மெஷின் இருக்க வாய்ப்பு உண்டு.

ஆஸ்பிரின் வீட்ல இருந்தா, அலர்ஜி இல்ல, வயித்துல ரத்தக்கசிவு வந்ததில்லன்னா, 300 மில்லிகிராம், அதாவது 75 மாத்திரைன்னா நாலு, வாயில போட்டு கடிச்சு மென்னு முழுங்குங்க, அப்படியே முழுங்கினா வேலை செய்ய லேட்டாகும். 1988ல வெளிவந்த ஐஎஸ்ஐஎஸ்-2ங்கற ஆய்வு, 17,000 பேருக்கு மேல பாத்தது, அட்டாக் சமயத்துல ஆஸ்பிரின ஆரம்பிச்சு ஒரு மாசம் குடுத்ததுல இதய, ரத்தக்குழாய் மரணம் கிட்டத்தட்ட கால்வாசி குறைஞ்சுதுன்னு காட்டுச்சு. முதுக கிழிக்கற வலின்னு மேல சொன்னேனே, அதுக்கு மட்டும் ஆஸ்பிரின் போடாதீங்க. நாக்குக்கு அடில வைக்கற மாத்திரை டாக்டர் உங்களுக்குன்னு எழுதி குடுத்திருந்தா உக்காந்துகிட்டு வைங்க, நின்னுகிட்டு வச்சா பிரஷர் இறங்கி விழுவீங்க. பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரைய வாங்கி வைக்காதீங்க. ஆம்பளைங்களுக்கு ஒண்ணு, ஆண்மைக்குறைவு மாத்திரை சில்டெனாஃபில் 24 மணி நேரத்துக்குள்ள, டடலாஃபில் 48 மணி நேரத்துக்குள்ள போட்டிருந்தா இதை வைக்கவே கூடாது, வெக்கப்படாம டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. பலமா இருமிகிட்டே இருந்தா அட்டாக் நின்னுடும்னு போன்ல சுத்தற மெசேஜ நம்பி நேரத்த தொலைக்காதீங்க, அது வீட்ல தானா பண்ணிக்கற சிகிச்சை இல்ல.

அப்புறம் இன்னொண்ணு, இது சின்ன விஷயமா தெரியும் ஆனா நான் எல்லாருக்கும் சொல்றது. ஒரு பேப்பர்ல உங்க மாத்திரை பேர், சுகர் எத்தனை வருஷம், எதுக்கு அலர்ஜி, கூப்பிட வேண்டியவங்க நம்பர், எல்லாம் எழுதி போன் பக்கத்துலயே வைங்க. முன்னாடி எடுத்த அந்த நார்மல் ஈசிஜியையும் அதோட வைங்க, புதுசு எடுக்கும்போது எது மாறியிருக்குன்னு ஒப்பிட்டு பாக்க அதைவிட உதவியான பேப்பர் வேற இல்ல. ஆம்புலன்ஸுக்கு சொன்னதும் வாசல் கதவ தாழ்ப்பாள் எடுத்து, லைட்ட போட்டு விட்டுட்டு, மாடில இருந்தா ஏறி இறங்காம, கதவுக்கு பக்கத்துல தரையில முதுக சுவத்துல சாச்சு முழங்கால மடக்கி உக்காருங்க. பாத்ரூம் போய் உள்ள தாழ் போட்டுக்காதீங்க, அட்டாக் வரும்போது வயிறு கலக்கற மாதிரி இருக்கும், நிறைய பேர் அங்கதான் மயங்கி விழறாங்க, வெளிய வந்து நிக்கறவங்களால கதவ திறக்க முடியறதில்ல.

ஆஸ்பத்திரில என்ன சொன்னாங்கன்னு, முடியும்போது ஒரு வரி எழுதுங்க.